நெஞ்சுச் சூடு

விருத்தாசலம்

விடியுமுன் விருத்தாசலத்தில் இறங்கினேன். கோத்தகிரியில் ஆனி மாதம் என்றால் சாரல், மூடுபனி, கொடியில் மூன்று நாளாகியும் காயாத துணி. இங்கே ஐந்தரை மணிக்கே ரவிக்கை முதுகோடு ஒட்டியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக்காகப் பையைத் துழாவியபோது, பின்னி எடுத்து வந்திருந்த கம்பளித் தொப்பிகள் நான்கும் வெளியே விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாத்துக்குடிக்குப் போடலாம், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றை எடுத்துக் கைமுட்டியில் மாட்டிப் பார்த்தார்.

"பொம்மைக்காம்மா?"

"இல்லீங்கய்யா, எங்க அண்ணன் பேத்திக்கு. ஏழாம் மாசத்துல பொறந்துட்டா. நெய்வேலியில இருக்கா."

அவர் தொப்பியைத் துண்டில் துடைத்து என் மடியில் வைத்தார். தன் மூத்த மகளும் ஏழாம் மாதம்தான் என்றார். பஞ்சில் சுற்றி அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்து, இரவெல்லாம் மாறி மாறி விழித்திருந்து, அவருடைய அம்மா காப்பாற்றினாராம். அடுத்துப் பிறந்த பையன் அப்படி நிற்கவில்லை என்றும் சொன்னார், டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

குறைமாதக் குழந்தையைப் பற்றி ஒரு வாய் திறந்தால் போதும், எதிரில் இருப்பவரிடமும் ஒரு கதை இருக்கும். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் நாள் நிறையாமல் பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் சுமார் 30 லட்சம் நம் நாட்டில். தெருவுக்கு ஒரு வீடாவது அந்தக் கணக்கில் இருக்கிறது. ஆனால் வளைகாப்பைப் பற்றிப் பேசுவதுபோல் இதை யாரும் பேசுவதில்லை.

மந்தாரக்குப்பம்

விருத்தாசலத்திலிருந்து கிழக்கே வரும்போது வானத்தின் ஓரத்தில் மலை தெரிந்தது. மலையில் பிறந்தவள் நான். மலைக்கு ஒரு தோள் உண்டு, மடிப்பு உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. நெருங்க நெருங்கத்தான் புரிந்தது, சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண். அதன்மேல் மரம் வளர்த்திருக்கிறார்கள். நடத்துநர் "மந்தாரக்குப்பம் இறங்கு" என்று குரல் கொடுத்த இடத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் ஏறினார்கள். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணிமையில் பழுப்புப் புழுதியோடு.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதிலிருந்துதான் இந்த ஊரின் கதையைத் தொடங்குவார்கள். 1956இல் நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியைத் தொட முடியும். இந்த நிலமெல்லாம் யாரோ கொடுத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளத்தைக் காட்டி, "எங்க மாமனார் ஊடு அங்கதான் இருந்துச்சு" என்றார். அந்தப் பள்ளத்தில் இப்போது காற்றுதான் இருந்தது.

நெய்வேலி

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் சூடு இரண்டு பிடி குறைந்தது. அகலச் சாலைகள், இரு பக்கமும் மரங்கள், வட்டம் என்று எண் போட்ட பகுதிகள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் வாசலிலும் ஒரு மாமரமோ பலாவோ நிற்கிறது. பக்கத்திலேயே பண்ருட்டி, பலாப்பழக் காலம். தெரு முழுக்க அந்த வாசனைதான்.

வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது: "பெல் அடிக்காதீங்க." அழைப்பு மணியின் ஒயரையும் கழற்றியிருந்தார்கள். சம்பந்தியம்மா கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையோடு பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சோப்பைக் கொடுத்தார். முழங்கை வரை. விரலிடுக்கு, நகக்கண் எல்லாம். நான் தண்ணீரை நிறுத்தப் போனபோது, "இன்னும் கொஞ்சம் தேய்ங்க" என்றார். தொலைக்காட்சிமேல் துணி போர்த்தியிருந்தது. ஜன்னலில் கனமான பழைய சேலை.

நடுக்கூடத்தில் சாய்வு நாற்காலியில் மாப்பிள்ளை சட்டையில்லாமல் சாய்ந்திருந்தார். இரவு ஷிப்ட் முடித்து, குளித்து வந்து உட்கார்ந்தவர். மார்பில் குறுக்காக வெள்ளைப் பருத்தித் துணி கட்டியிருந்தது. துணிக்கு மேலே ஒரு தொப்பி, கீழே இரண்டு சாக்ஸ். நடுவில் தவளைக்குஞ்சு மாதிரி கை கால்களை மடக்கிக்கொண்டு, கன்னத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு ஏறி இறங்கும்போது அவளும் ஏறி இறங்கினாள்.

"வாங்க அத்தை" என்றார். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததற்கு அவர் முகம் வருந்தியது. எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறொன்று வேண்டியிருக்கவில்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். அதற்குள் அண்ணன் மகளுக்கு ரத்த அழுத்தம் எகிறி, கால் வீங்கி, கண் மங்கி, புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனார்கள். 30ஆவது வாரத்தில் 1,180 கிராமில் இவள் பிறந்தாள். 42 நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து இது 14ஆம் நாள். தாய்வீட்டுக்கு அழைத்துப்போக எங்களுக்கு ஆசைதான், ஆனால் எங்கள் மலைக்குளிரில் இந்த எடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜிப்மர் பக்கத்தில் இருக்கும் ஊரே நல்லது என்று எல்லோரும் பேசி முடித்தோம்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அவளும் 32 வாரத்தில் பிறந்தவள். சமவெளியில் ஒரு மருத்துவமனையில் 26 நாள் வைத்திருந்தார்கள். நாளைக்குப் பத்து நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நடு வரிசையில் மூன்றாவது பெட்டி உன் பிள்ளை என்று காட்டினார்கள். மூன்று நாள் கழித்து நான்காவது பெட்டி என்றார்கள். பாலைப் பீய்ச்சிக் கொட்டு என்றார்கள். கொட்டினேன். 19ஆம் நாள்தான் அவளைத் தொட்டேன். தொட்ட இடத்தில் தோல் சிவந்ததைப் பார்த்து நானே கையை இழுத்துக்கொண்டேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. கிருமி வரும், தாய் பயப்படுவாள், இடைஞ்சல் ஆகும் என்று அப்போது நம்பினார்கள். ஆனால் ஒரு தாயைத் தன் பிள்ளைக்கு விருந்தாளி ஆக்கிய அந்த 26 நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த நம்பிக்கையை உடைத்தது பணக்கார ஊர் ஒன்றும் இல்லை. கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைக்க வேண்டியிருந்தது. ஒன்றின் தொற்று மற்றதற்குப் போனது. 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், இரு முலைகளுக்கு நடுவே, நிமிர்த்திக் கட்டச் சொன்னார். அடுத்த ஆண்டு எக்தோர் மார்த்தினேஸ் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார். கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயர் வந்தது. ஏழைகளின் மாற்றுவழி என்றுதான் நெடுங்காலம் உலகம் அதை நினைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹைடெலிசே ஆல்ஸ் என்ற உளவியலாளர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலை விசிறிபோல் விரித்தால், கொட்டாவி விட்டால், விக்கினால், நிறம் மாறினால் அது "போதும்" என்கிறது. கை வாய்க்குப் போனால், பாதமும் பாதமும் சேர்ந்தால் "நன்றாக இருக்கிறேன்" என்கிறது. கருப்பையின் இருட்டில் இருக்க வேண்டிய மூளை வெளிச்சத்திலும் இரைச்சலிலும் வளர்கிறது. எனவே வெளிச்சத்தைக் குறை, சத்தத்தைக் குறை, ஊசி, டயப்பர், எடை என்று தனித்தனியாக எழுப்பாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டுத் தூங்கவிடு, சுற்றிலும் துணியைச் சுருட்டிக் கூடு கட்டு. இந்தப் பார்வைதான் இன்று வளர்ச்சிக்கு ஏற்ற பராமரிப்பு என்று சொல்லப்படுகிறது. தீவிர சிகிச்சை அறையில் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் ஒரு விதி. இன்குபேட்டர் கதவைப் பட்டென்று மூடினாலே அதைத் தாண்டிவிடும்.

அண்ணன் மகள் இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வளையல் இல்லாத மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "சிஸ்டருங்க சொல்லிக் குடுத்தாங்க அத்தை. வளையலக் கழட்டு, மோதிரத்தக் கழட்டு, கைய இப்படி வெதுவெதுப்பாக்கிட்டு தொடுன்னாங்க. தடவக் கூடாதாம். அழுத்தமாப் புடிச்சு அப்படியே வெச்சிருக்கணுமாம். நாலாம் நாளு நெஞ்சுல போட்டாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ மூச்சு மெஷின்ல பீப் பீப்னு இருந்தது கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. சிஸ்டர் திரையக் காட்டி, பாரும்மா, ஒன்னத் தெரிஞ்சுக்கிட்டான்னாங்க."

வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் அலமாரியில் அட்டைப் பெட்டியோடு இருந்தன.

மாலையில் மாப்பிள்ளை ஷோகேஸிலிருந்து ஒரு கரித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பழுப்பு. மரத்தின் வரி இன்னும் தெரிந்தது. உடைந்த இடத்தில் பட்டைபோல் உரிந்தது.

"இது இன்னும் முழுசா கரி ஆகல அத்தை. மண்ணுக்குள்ள இன்னும் ரொம்ப காலம் கெடந்திருந்தா கறுப்பு நிலக்கரி ஆயிருக்கும். பாதி ஈரந்தான். நாள் நெறையாம எடுத்தாச்சு. இத எரிச்சுத்தான் இத்தன வருஷமா கரண்ட் எடுக்கறோம்." பிறகு நாற்காலியில் தூங்கும் பாப்பாவின் ஆயாவையும், ஆயாவின் மார்பில் தூங்கும் பாப்பாவையும் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

தினசரி காலண்டர்

அந்த வீட்டில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் நேரம் பிரித்து எழுதியிருந்தது. அம்மா, ஆயா, அப்பா, மறுபடி அம்மா. தாத்தாவின் பெயருக்கு நேராகச் "சமையல்" என்று மட்டும் இருந்தது.

கங்காரு பராமரிப்பைப் பற்றி 2021 மே மாதம் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். நம் நாட்டில் தில்லி சப்தர்ஜங். 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். அவர்களில் பாதிப் பேரை, உடல் நிலைப்படும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தார்கள். அதற்காகத் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். வழக்கப்படி காத்திருந்த குழந்தைகளில் 100க்கு 15.7 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். உடனே மார்பில் சேர்ந்தவர்களில் 12 பேர். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் விதியையே மாற்றியது: பிறந்த உடனே தொடங்கு, நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 24 மணி நேரமும். வீட்டுக்கு வந்த பிறகும் தொடர வேண்டும்.

8 மணி நேரம். படிக்கும்போது எளிது. ஆனால் அந்த நேரம் சோறு வடிப்பது யார்? துணி துவைப்பது யார்? அவள் பெற்றவளாயிற்றே, இரண்டு மணிக்கொரு தரம் பாலும் பீய்ச்ச வேண்டும். மார்பில் குழந்தையோடு அவளை உட்காரவைத்துவிட்டு, அடுப்பையும் அவள் தலையிலேயே கட்டினால் மூன்றாம் நாள் துணியை அவிழ்த்துவிடுவாள். குடும்பத்தோடு சேர்ந்த பராமரிப்பு என்பது என்னைப் பொறுத்தவரை முதலில் சமையலறை விஷயம். நெய்வேலியில் என் சம்பந்திக்கு வயது அறுபத்தைந்து, சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அதுவரை காப்பிகூடப் போட்டதில்லை. நான் இருந்த அன்று பால் சுறாப் புட்டு செய்திருந்தார். கடலூரிலிருந்து காலையில் வந்த மீன். வேகவைத்து, முள்ளெடுத்து, மஞ்சளும் மிளகும் போட்டு உதிர்த்து, நிறையப் பூண்டு. பால் சுரக்கும் என்று ஆயா காலத்திலிருந்து சொல்லும் சாப்பாடு. உப்பு ஒரு கல் கூடியிருந்தது. மருமகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்குப் பச்சை முந்திரிக் குழம்பும், கடைசியில் நாலு பலாச்சுளையும்.

சம்பந்தியம்மா சில விஷயங்களை விட்டுக்கொடுத்திருந்தார். சாம்பிராணிப் புகை வேண்டாம், நுரையீரல் தாங்காது என்று சொன்னதும் தூபக்காலைப் பரணில் ஏற்றிவிட்டார். எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போட்டார். கண் மை இல்லை. "எம் புள்ளைங்கள அப்படித்தான் வளத்தேன்னு சொல்லத் தோணும் அண்ணி. ஆனா எம் புள்ளைங்க யாரும் தேங்கா கனத்துல பொறக்கல" என்றார். ஒன்றில் மட்டும் அவருக்கு வெற்றி. நாள் நிறையாத குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேர வருவதற்குச் சுமார் 34 வாரம் ஆகும். அதுவரை மூக்கு வழியே குழாயில் பால். பிறகு? பாட்டில் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்தது பாலாடை. சம்பந்தியம்மா பெட்டிக்குள்ளிருந்து தன் மாமியாரின் வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்து, கொதிநீரில் போட்டு, அதில்தான் புகட்டிக்கொண்டிருந்தார். மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தை உதட்டோரம் வைத்தால் பாப்பா நாக்கை நீட்டி, சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டாள்.

இரவு எட்டு மணிக்குக் காலண்டரில் என் பெயரையும் எழுதினார்கள். "கோத்தகிரி ஆயா, 8–10." அண்ணன் மகள் என் மார்பில் பாப்பாவை வைத்து, கழுத்து மடங்காமல், மூக்கு அழுந்தாமல் தலையைத் திருப்பி, துணியின் மேல் ஓரம் அவள் காதுக்குக் கீழே வரும்படி கட்டினாள். வெந்நீர்ப் பையைவிடச் சூடு குறைவு, உள்ளங்கையைவிட அதிகம். அவள் இதயம் என் இதயத்தைவிட இரு மடங்கு வேகமாகத் துடித்தது. பத்து மணிக்கு வந்து கேட்டபோது நான் தரவில்லை. பதினொன்றரை வரை வைத்திருந்தேன்.

வடலூர்

மறுநாள் பாப்பாவைக் கண் பரிசோதனைக்கு ஜிப்மருக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. வாடகைக் கார். வழியில் வடலூரில் வண்டியை நிறுத்தச் சொன்னார் சம்பந்தி. தரும சாலையில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வருகிறவர் யார் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த 42 நாளில், போகும்போதும் வரும்போதும் சம்பந்தி இங்கே இறங்கி ஒரு பை அரிசி கொடுத்துவிட்டுப் போவாராம்.

காரில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அண்ணன் மகள் அப்போதுதான் சொன்னாள். "நானும் குடுத்தேன் அத்தை." ஜிப்மரில் அமுதம் என்ற தாய்ப்பால் வங்கி 2016 முதல் நடக்கிறது. கொடுக்கும் பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி, உறையவைத்து, தாய்க்குப் பால் ஊறாத குழந்தைகளுக்குத் தருகிறார்கள். முதல் வாரம் அவளுக்குப் பால் இல்லை. யாரோ ஒருத்தியின் பாலில் பாப்பா பிழைத்தாள். மார்பில் போடத் தொடங்கிய பிறகு பெருகியது. மிஞ்சியதை இவள் கொடுத்தாள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா பெர்னாண்டஸ் என்ற மருத்துவர் தொடங்கினார். என் மகள் பிறந்தபோது அதற்கு வயது பத்துக்கு மேல். நான் வாஷ்பேசினில் கொட்டிய பால் நினைவுக்கு வந்தது.

குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தம் கேட்டது. கடலூரில் பெண்ணையாற்றுப் பாலம் ஏறியதும் கடற்காற்று.

கோரிமேடு

ஜிப்மர் வளாகத்தில் மர நிழலில் பாய் விரித்து ஆண்கள் படுத்திருந்தார்கள். பெரும்பாலும் அப்பாக்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, அரியலூர் என்று ஊர்கள். மாப்பிள்ளையும் அங்கே இரவுகள் கழித்தவர். ஒரு வேப்பமரத்தைக் காட்டி "நம்ம எடம்" என்றார். இந்திய அரசு 2017இல் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பழகிப் பார்த்த முறை அதற்கு அடிப்படை. பெற்றோருக்குக் கை கழுவுவதிலிருந்து அபாய அறிகுறி வரை கற்றுக்கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. தாய்க்குக் கதவு மெல்லத் திறந்துவருகிறது. அப்பாக்கள் இன்னும் மரத்தடியில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வெதுவெதுப்பான மார்பு அவர்களுக்கும் இருக்கிறது.

கண் பரிசோதனைக்கு வரிசையாகத் தாய்மார். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம்; சரியான நாளில் பார்க்காவிட்டால் பார்வை போய்விடும். பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை, பிறகு குழாய்கள் முழுதாக வளரும்வரை திரும்பத் திரும்ப. பாப்பாவுக்குச் சொட்டு விட்டார்கள். இமையை விலக்கும்போது வலிக்கும். அண்ணன் மகள் அழவில்லை. ஒரு கையால் பாப்பாவின் இரு பாதங்களையும் சேர்த்து வயிற்றோடு மடக்கிப் பிடித்தாள், மறு கையைத் தலைமேல் குவித்தாள், உதட்டில் ஒரு சொட்டு தன் பாலை வைத்தாள். பாப்பா ஒரு தரம் கத்தி, அடங்கினாள். "நல்லா இருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார் மருத்துவர். எடை 2,060.

வெளியே வந்து காரில் ஏறும்போது ஓர் இளம்பெண் ஓடி வந்தாள். பதினெட்டு வயது இருக்குமா? கூட ஒரு வயதான அம்மா. கையில் துண்டில் சுற்றிய குழந்தை, நம்முடையதைவிடச் சின்னது. இன்றுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "அக்கா, உள்ள சொல்லிக் குடுத்தாங்க. கட்டுறது மறந்துபோச்சு. திண்டிவனம் தாண்டிப் போணும்."

அண்ணன் மகள் பாப்பாவை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் சட்டைப் பொத்தானை அங்கேயே கழற்றினார். இவள் தன் துணியை உதறி, அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்காரவைத்து, பின்னாலிருந்து முன்னால் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று என்று கட்டிக் காட்டினாள். பிறகு அவிழ்த்து அவளையே கட்டச் சொன்னாள். முதல் தரம் நழுவியது. ஓட்டுநர் தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, வெயில் படாமல் அவர்கள் பக்கமாக வந்து நின்றார். நான் பையைத் திறந்து இரண்டு தொப்பிகளை எடுத்தேன். சின்னதாக இருந்ததைக் கொடுத்தேன்.

"காதை மூடட்டும்" என்று அந்த வயதான அம்மா சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.